73 வயதுக் குரலும் 10க்கு 12 அறையும்: லெனார்ட் கோஹனின் ‘லைவ் இன் லண்டன்’ நெடுநாள் பயன்பாட்டில்

லெனார்ட் கோஹன் 2008 ஜூலை 17 அன்று லண்டன் ஓ2 அரங்கில் பாடிய கச்சேரி, 2009 மார்ச் கடைசியில் ‘லைவ் இன் லண்டன்’ என்ற பெயரில் இரண்டு சிடியாகவும், தனியாக டிவிடியாகவும் வெளிவந்தது. பாடும்போது அவருக்கு வயது 73. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை வட்டாரத்து வீடுகளில், இங்கத்திய வெக்கை, ஈரம், மின்சாரம், அக்கம்பக்கச் சத்தம் எல்லாவற்றோடும் சேர்த்து இதை வருடக்கணக்கில் கேட்டால் என்ன கிடைக்கும், எது கெடும், எதைச் சரிசெய்யலாம் என்பதுதான் விஷயம். கருத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறோம். பாப் கச்சேரிப் பதிவுகளில் இவ்வளவு சன்னமாக வைத்து, இவ்வளவு நேரம் அலுக்காமல் கேட்க முடிகிற வேறொன்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் இதன் அருமை முழுக்க அந்தக் கீழ்ஸ்தாயிக் குரலிலும் பாட்டுகளுக்கு உள்ளே இருக்கும் அமைதியிலும் இருக்கிறது. நம் வீட்டுச் சாமான்களும் நம் ஊர்ச் சூழலும் முதலில் விழுங்குவது அந்த இரண்டையும்தான்.

கோஹன் 1934இல் மாண்ட்ரியலில் பிறந்தவர். கவிஞராகவும் நாவலாசிரியராகவும் பெயரெடுத்த பிறகு, 33 வயதில், 1967இல்தான் முதல் இசைத்தட்டு வந்தது. தொண்ணூறுகளில் கலிஃபோர்னியாவில் மவுண்ட் பால்டி ஜென் மடத்தில் தங்கி, 1996இல் துறவியாகத் தீட்சை பெற்றார். 1999இல் மும்பைக்கு வந்து அத்வைதம் பேசிய ரமேஷ் பல்சேகரிடம் உட்கார்ந்து கேட்டார். பிறகு, ஓய்வுகாலத்துக்கு என்று வைத்திருந்த பணம் பெரும்பாலும் மோசடியில் போய்விட்டது தெரியவந்தது. 15 வருடம் மேடைப் பயணமே போகாதிருந்தவர், 2008 மே மாதம் கனடாவில் ஃப்ரெடரிக்டன் என்ற சிறு நகரில் மறுபடி பாடத் தொடங்கினார். லண்டன் கச்சேரி அதற்கு இரண்டு மாதம் கழித்து. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் அவர் பேசும் பேச்சில், கடைசியாக இங்கே நின்றபோது தனக்கு 60 வயது, அப்போது சின்னப் பையன் என்கிறார். நடுவில் விழுங்கிய மனச்சோர்வு மாத்திரைகளின் பெயர்களை வரிசையாக அடுக்குகிறார். அரங்கமே சிரிக்கிறது. ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்கள் அந்தப் பேச்சைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அதற்குப் பிறகு வரும் பாட்டெல்லாம் வேறு வெளிச்சத்தில் தெரியும்.

குரலுக்கு வருவோம். 1970 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் ஒயிட் விழாவில் அவர் பாடியதும் பதிவாகக் கிடைக்கிறது. அதில் 35 வயதுக் குரல், மெலிந்து, மூக்கோரம் ஒலிக்கிறது. லண்டனில் அதே ஆள் பல இடங்களில் 80, 90 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு, எண் குறையக் குறைய ஒலி கீழே) பக்கம் இறங்கிப் பாடுகிறார். மேலே ஏற முயற்சியே இல்லை. ஏற வேண்டிய இடங்களையெல்லாம் மூன்று பெண் குரல்களிடம் ஒப்படைத்துவிட்டு, தான் பேச்சுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிற்கிறார். வயதான பாடகர்கள் பலர் பழைய சுருதியை விடமாட்டேன் என்று தொண்டையை வருத்திக்கொள்வதைக் கேட்டவர்களுக்கு, இது எவ்வளவு நல்ல முடிவு என்று முதல் பாட்டிலேயே புரியும்.

இந்தச் சுருதிதான் வீட்டில் முதல் சிக்கல். 32 அங்குல டிவியின் உள் ஸ்பீக்கர் 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. கீழே உள்ள அடிநாதம் வராவிட்டாலும் காது மேல் ஸ்வரங்களை வைத்துச் சுருதியைக் கண்டுபிடித்துவிடும், அதனால் பாட்டு கெட்டதாகத் தெரியாது. குரல் மட்டும் சளி பிடித்த கரகரப்பாகக் கேட்கும். “இந்தக் கிழவர் என்ன முணுமுணுக்கிறார்” என்று வீட்டில் சொன்னால் குற்றம் பெரும்பாலும் ஸ்பீக்கருடையது. நமக்குப் பழக்கமான நாகஸ்வரம் இதற்கு நேர் எதிர். திறந்தவெளியில் நாலு வீதிக்குக் கேட்கச் செய்த வாத்தியம் அது, அதன் பலம் நடுஸ்தாயியிலும் மேலும் இருக்கிறது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி 78 சுழற்சித் தட்டிலிருந்து வந்தாலும், செல்போனில் வந்தாலும் ஆளை நிறுத்திவிடுவதற்கு அதுவும் ஒரு காரணம். கோஹன் குரலுக்கு அந்தச் சலுகை கிடையாது. குறைந்தபட்சம் 60 ஹெர்ட்ஸ் வரை நேராக இறங்கும் ஸ்பீக்கர் வேண்டும். ஐந்து அல்லது ஆறரை அங்குல வூபர் (கீழ்ஸ்தாயிக்கான பெரிய கூம்பு) வைத்த ஒரு ஜோடி ஷெல்ஃப் ஸ்பீக்கரும், ஒரு சாதாரண ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் போதும். பெரிய வாட்ஸ் எதுவும் வேண்டாம், இந்தக் கச்சேரியை மிதமாக வைக்க ஸ்பீக்கருக்குச் சில வாட் போனாலே தாராளம்.

வாங்கும்போது கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். ஸ்பாஞ்சு போன்ற ஃபோம் விளிம்பு நம் ஊர் ஈரத்திலும் வெக்கையிலும் சில வருடங்களில் பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் வரும். பழைய ஸ்பீக்கரில் கோஹன் குரல் திடீரென்று ‘பர்ர்’ என்று அதிர்ந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

‘ஹோம் தியேட்டர்’ என்று கடையில் கிடைக்கும் 5.1 செட் (ஐந்து குட்டி ஸ்பீக்கர், கீழ்ஸ்தாயிக்கு ஒரு சப்-வூபர் பெட்டி) வைத்திருப்பவர்கள் பலர். அதன் குட்டி ஸ்பீக்கர்கள் 150 ஹெர்ட்ஸ்வரைகூடச் சரியாக இறங்காது, அதனால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் சப்-வூபருக்குப் போகும். விளைவு, பாடகரின் தலை டிவி பக்கமும் நெஞ்சு மூலையில் உள்ள பெட்டியிலுமாகப் பிரிந்து கேட்கும். சப்-வூபரை மூலையிலிருந்து எடுத்து டிவிக்கு அடியில், இரண்டு முன் ஸ்பீக்கருக்கும் நடுவில் வைத்தால் இது பாதி சரியாகும். பாஸ் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். ‘பாஸ் பூஸ்ட்’, ‘மெகா சவுண்டு’ போன்ற பொத்தான்கள் எல்லாம் அணைந்திருக்கட்டும். அவை 100 ஹெர்ட்ஸ் பக்கம் உப்பவைக்கத்தான் இருக்கின்றன. கோஹன் குரல் குடியிருப்பதே அங்கேதான்.

அறையும் இதில் ஒரு வாத்தியம். புது வீடுகளில் கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை, 10க்கு 12 அடி படுக்கையறை என்பது வழக்கம். 12 அடி நீளத்தில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி நின்று முழங்கும் இடங்கள் 48 ஹெர்ட்ஸிலும் 95 ஹெர்ட்ஸிலும் வரும், 10 அடி அகலத்தில் 57லும் 114லும். இதில் 95, 114 இரண்டும் கோஹன் பாடும் ஸ்தாயிக்குள் விழுகின்றன. அதனால்தான் ஒரே வரியில் ஒரு சொல் ‘கும்’ என்று வீங்கி, அடுத்த சொல் காணாமல் போகிறது. பாட்டில் தவறில்லை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டு அடி முன்னால் இழுங்கள். அறையின் நட்டநடுவிலோ பின் சுவரில் சாய்ந்தோ உட்காராதீர்கள், இரண்டும் முழக்கம் உச்சமாக இருக்கும் இடங்கள். பின் சுவரிலிருந்து மூன்று அடிக்கும் நாலரை அடிக்கும் இடையில் நாற்காலியைப் போட்டு, ‘டவர் ஆஃப் சாங்’ ஓடும்போது அரை அடி முன்னே பின்னே நகர்த்திப் பார்த்தால் குரல் சமமாகும் இடம் காதுக்கே தெரியும்.

கோரைப்பாயை விரிப்பதாலும் ஜன்னல் திரை போடுவதாலும் கைதட்டலின் கூச்சல் குறையும், அடிமுழக்கம் குறையாது. அதற்குக் கனம் வேண்டும். இலவம்பஞ்சு மெத்தை ஒன்றைச் சுருட்டி மூலையில் நிமிர்த்தி வைத்தால் ஓரளவு பலன் உண்டு. பழைய முற்றம் வைத்த வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. கூடத்தில் ஸ்பீக்கரை வைத்தால் கீழ்ஸ்தாயி முற்றத்து வழியாக வெளியே போய்விடும், குரல் தெளிவாக நிற்கும். இந்தக் கச்சேரியைக் கேட்க எங்களுக்குத் தெரிந்து மிக நல்ல இடம் ஓட்டு வீட்டுக் கூடம்தான், மழை இல்லாத நாளில்.

இரண்டாவது எதிரி ஹம், அதாவது மின்சாரத்தால் ஸ்பீக்கரில் வரும் முனகல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் இரைச்சல் 50லும் 100லும் ஸ்பீக்கரில் வரும். மற்றப் பாட்டுக்கு அது பொருட்டில்லை. இங்கே பாடகருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நின்று முனகுவதுபோல் ஆகிவிடும். பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை மட்டும் ஏற்றிக் கேளுங்கள். ‘ம்ம்ம்’ என்று வந்தால், செட்டாப் பாக்ஸில் செருகியிருக்கும் கேபிள் டிவி வயரைக் கழற்றுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த நொடியே நின்றுவிடும், ஏனென்றால் தெருக்கம்பத்திலிருந்து வரும் அந்த வயரின் உறையும் வீட்டு எர்த்தும் வெவ்வேறு மின்னழுத்தத்தில் இருக்கின்றன. அப்போதும் நிற்கவில்லை என்றால் பிளக் பாயிண்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் மூன்று துளை இருக்கும், மூன்றாவதில் வயர் இருக்காது. எர்த் முள்ளை உடைத்துவிட்டு ஹம்மை நிறுத்தும் வழியை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். ஈரக்காலத்தில் ஷாக் அடிக்கும்.

விளக்கு வைத்த பிறகு வோல்டேஜ் இறங்குகிற பகுதிகளில் ஸ்டெபிலைசர் போட்டிருப்பார்கள். அது உள்ளே ‘டக் டக்’ என்று மாறும் ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரில் ஒரு வெடிப்புக் கேட்கும். டிவி, டிவிடி பிளேயரின் பின்பக்கத்தில் 100-240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அவற்றுக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை, நேராகச் சுவரில் செருகலாம். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஸ்கொயர் வேவில் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரே ரீங்கரிக்கும். இன்வெர்ட்டரில் ‘யுபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போட்டுவையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போகும்போது டிவிடி பிளேயர் அணைந்து முதலிலிருந்து தொடங்கும். டிவி, பிளேயர், ஆம்ப்ளிஃபயர், ஒரு ஃபேன் எல்லாம் சேர்ந்து 200 வாட் சொச்சம் ஆகும். நல்ல நிலையில் உள்ள 150 ஏஎச் பேட்டரி முழுக் கச்சேரியையும் தாங்கும்.

வால்யூம் வைப்பதில் ஒரு முறை உண்டு. பலரும் குரலைக் கேட்டு வால்யூம் வைக்கிறார்கள், பாட்டு முடிந்ததும் கைதட்டல் வந்து முகத்தில் அறைகிறது, ரிமோட்டைத் தேடுகிறார்கள். இருபதாயிரம் பேர் கொள்ளும் அரங்கம் அது. ஆரம்பத்தில் அவர் மேடைக்கு வரும்போது எழும் வரவேற்பைக் கேளுங்கள். அது வீட்டில் உரத்துப் பேசுகிற அளவுக்கு இருக்கும்படி வைத்துவிட்டு, பிறகு குமிழைத் தொடாதீர்கள். முதல் பாட்டில் குரல் சன்னமாகத் தோன்றும். இரண்டாவது பாட்டுக்குள் காது பழகிவிடும். டிவிடி பிளேயரின் மெனுவில் ‘நைட் மோட்’ அல்லது ‘டிஆர்சி’ இருந்தால் அணைத்துவையுங்கள். அது உச்சத்தையும் தணிவையும் ஒன்றாகத் தட்டிவிடும். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் உள்ளவர்கள் டிஸ்க் மெனுவில் ஸ்டீரியோ இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 5.1 ஒலியை இரண்டாகச் சுருக்கும்போது பிளேயருக்குப் பிளேயர் குரலின் எடை மாறுகிறது. ப்ளூடூத் ஸ்பீக்கரில் படத்தோடு கேட்பதைத் தவிருங்கள். ஒலி கால் நொடி வரை பின்தங்கி, வாய் ஒருபுறமும் பாட்டு ஒருபுறமுமாகப் போகும்.

சீலிங் ஃபேன் வேறு. ஐந்தில் ஓடினால் அதன் காற்றுச் சத்தமே பல மெல்லிய இடங்களை மூடிவிடும். றெக்கை ஒலியை வெட்டுவதால் நீண்ட ஸ்வரங்கள் நடுங்கவும் செய்யும். இரண்டில் வையுங்கள், இல்லையென்றால் டேபிள் ஃபேனை உட்காரும் இடத்துக்குப் பின்னால் வையுங்கள்.

இனி கச்சேரி. ஆட்கள் பத்துப் பேர். ராஸ்கோ பெக் பாஸ் கிட்டார் வாசித்து இசைக்குழுவை நடத்துகிறார். ரஃபாயல் கயோல் டிரம்ஸ், நீல் லார்சன் ஹாமண்ட் ஆர்கன், பாப் மெட்ஸ்கர் கிட்டார், டீனோ சோல்டோ சாக்ஸஃபோன் முதலிய ஊதுகருவிகள், ஸ்பெயினிலிருந்து வந்த ஹாவியேர் மாஸ் பந்தூரியா, லாவுத் போன்ற தந்தி வாத்தியங்கள். உடன் பாடுபவர்கள் ஷாரன் ராபின்சனும் ஷார்லி, ஹாட்டி வெப் சகோதரிகளும். கோஹன் ஒவ்வொருவரையும் பெயரும் பட்டமும் சொல்லி, ஒரே கச்சேரியில் பலமுறை அறிமுகப்படுத்துகிறார். அவர்கள் தனியாக வாசிக்கும்போது தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு அந்த ஆள் பக்கம் திரும்பி நிற்கிறார். வித்வான் வாசிக்கும்போது மற்றவர்கள் தொடையில் தாளம் போட்டுத் தலையசைப்பதைப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இந்த மரியாதை உடனே பிடிபடும். டிவிடியைச் சிடிக்கு மேல் வைப்பதற்கு இது ஒன்றே போதும்.

சிடியின் கணக்கில் மொத்தம் 26 தடங்கள், டிஸ்க்குக்கு 13. கச்சேரி இரண்டு பாகம், ஆனால் இடைவேளை டிஸ்க் மாறும் இடத்தில் வரவில்லை. முதல் டிஸ்க்கின் ஒன்பதாவது தடமான ‘ஆந்தம்’ முடிந்ததும்தான் முதல் பாகம் முடிகிறது. நிறுத்திக் காபி போட வேண்டிய இடம் அது. பத்தாவது சிறிய அறிமுகப் பேச்சு, பதினொன்றாவது ‘டவர் ஆஃப் சாங்’. பதின்மூன்று முடியட்டும் என்று காத்திருப்பவர்கள் இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தைக் களைத்த காதோடு கேட்கிறார்கள்.

முதல் பாட்டு ‘டான்ஸ் மி டு தி எண்ட் ஆஃப் லவ்’ கல்யாணப் பாட்டுபோல் ஒலிக்கும். நாஜி முகாம்களில் மற்றவர்கள் கொல்லப்படும்போது கைதிகளை வயலின் வாசிக்கவைத்த கொடுமையிலிருந்து அது பிறந்தது என்று கோஹனே சொல்லியிருக்கிறார். தெரிந்து கேட்டால் அந்தப் பாட்டின் நடை வேறாகிவிடும். நாலாவது ‘பர்ட் ஆன் தி ஒயர்’ 1969ஆம் வருடத்துப் பாட்டு. இங்கே ஆர்கனும் கிட்டாரும் ஆளுக்கு ஒரு சுற்று வாசிக்க, நிதானமாக நடக்கிறது.

கர்நாடக இசைக் காது உள்ளவர்களுக்கு இந்தக் கச்சேரியை அறிமுகம் செய்ய நாங்கள் எடுப்பது ஏழாவது தடம், ‘ஹூ பை ஃபயர்’. பாட்டுக்கு முன்னால் ஹாவியேர் மாஸ் தன் இரட்டைத் தந்தி வாத்தியத்தில் தாளமில்லாமல் ஒரு முன்னுரை வாசிக்கிறார். ஆலாபனை என்று சொல்லிவிடலாம். ஒரு ஸ்வரத்தைச் சுற்றி வட்டமிடுவதும், திடீரென்று மேலே தாவி இறங்குவதும், பாட்டுக்குள் நுழையும் முன் ஒரு நொடி நிற்பதும் அப்படித்தான். பாட்டின் கரு யூதர்களின் புத்தாண்டுக் காலப் பிரார்த்தனை. வரும் வருடத்தில் யார் நெருப்பால், யார் நீரால் சாவார்கள் என்று கேட்பது. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனைப் பந்தலில் மணிக்கணக்கில் உட்கார்ந்து பழகிய பெரியவர்கள், ஆங்கிலம் ஒரு சொல் தெரியாமலே இந்த ஒரு தடத்துக்கு அசையாமல் இருப்பார்கள். தந்தியை மீட்டும் நகத்தடிச் சத்தம் வலது இடமாகப் பிரிந்து துல்லியமாக வந்தால் ட்வீட்டர் (மேல்ஸ்தாயிக்கான சின்னக் கூம்பு) நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். மங்கலாக இருந்தால் ஸ்பீக்கர் முகப்புத் துணியில் தூசு அடைந்திருக்கும், கழற்றி உதறுங்கள்.

‘டவர் ஆஃப் சாங்’கில் சின்னக் கீபோர்டில் கோஹன் ஒற்றை விரலால் நாலைந்து ஸ்வரம் வாசிக்கிறார், கூட்டம் ஆர்ப்பரிக்கிறது. பின்னால் அந்த மூன்று பெண்களும் அர்த்தமில்லாத அசைகளையே பாடிக்கொண்டிருக்கிறார்கள். அதை நிறுத்தாதீர்கள் என்று அவர் கெஞ்சுகிற இடம் இந்தப் பதிவின் சந்தோஷங்களில் ஒன்று. அடுத்த ‘சூசான்’ மிக எளிமையாக வருகிறது.

இரண்டாவது டிஸ்க்கின் முதல் தடம் ‘பூகி ஸ்ட்ரீட்’டை ஷாரன் ராபின்சன் தனியாகப் பாடுகிறார். 2001இல் அவரும் கோஹனும் சேர்ந்து செய்த தொகுப்பிலிருந்து வந்த பாட்டு. ‘ஹலலூயா’ எல்லோருக்கும் தெரிந்தது, வேறு பலர் பாடித்தான் புகழ் பெற்றது. இங்கே எழுதியவரே முழங்காலிட்டுப் பாடுகிறார். சொல்லப்போனால் அதைவிட எங்களுக்கு முக்கியம் ஐந்தாவது தடம். ‘எ தவுசண்ட் கிஸஸ் டீப்’ என்ற கவிதையை, நீல் லார்சன் பின்னால் மெல்ல வாசிக்க, பாடாமல் சொல்கிறார். நாலு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இருபதாயிரம் பேர் கொள்ளும் இடத்தில் மூச்சு விடுவது கேட்கிறது. உங்கள் வீட்டு ஏற்பாடு சரியா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை. ஹம், ஃபேன், அறை முழக்கம், பாஸ் உப்பல் எதுவாக இருந்தாலும் இந்த நாலு நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

பத்தாவது ‘இஃப் இட் பி யுவர் வில்’. முதல் வரிகளைக் கோஹன் பேச்சாகச் சொல்லிவிட்டு ஒதுங்க, வெப் சகோதரிகள் ஹார்ப்பும் கிட்டாரும் வைத்துப் பாடுகிறார்கள். அதற்குப் பிறகு கூட்டம் எழுந்து ஆடும் ‘க்ளோசிங் டைம்’. பன்னிரண்டாவதான ‘ஐ ட்ரைட் டு லீவ் யூ’ மூன்று நிமிடத்துப் பழைய பாட்டு. இங்கே எட்டு நிமிடத்துக்கும் மேல் போகிறது, ஏனென்றால் குழுவில் ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றுத் தனி. அவசரப்பட்டுத் தாண்டிவிடாமல் ஒவ்வொரு சுற்றிலும் யார் வாசிக்கிறார் என்று கண்டுபிடித்துக் கேட்டால், முழுக் கச்சேரியையும் மறுபடி கேட்கும்போது அவர்களை எங்கேயும் அடையாளம் தெரியும். கடைசித் தடம் ஒன்றரை நிமிடம்கூட இல்லை. விவிலியத்தின் ரூத்து நூலில், நீங்கள் போகும் இடத்துக்கே நானும் வருவேன் என்று மருமகள் மாமியாரிடம் சொல்லும் வரிகளை எல்லோரும் சேர்ந்து பாடும் மங்களம்.

குறைகளும் உண்டு. சாக்ஸஃபோன் பல இடங்களில் தேவைக்கு மேல் இனிக்கிறது. ‘டெமாக்ரசி’ ஏழு நிமிடம் அமெரிக்காவைப் பற்றியது, நீண்ட நாள் கேட்பதில் நாங்கள் அதிகம் தாண்டிப்போனது அதைத்தான். டிவிடியின் கேமரா வேலை ஒழுங்கானது, அவ்வளவே. குரலை நெஞ்சுக்கு அருகில் வைத்துப் பதிந்ததில் அரங்கத்தின் விரிவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, சன்னமாகக் கேட்பவர்களுக்கு அது ஆதாயம்தான்.

எந்தப் பருவத்தில் கேட்பது என்பது இங்கே சின்ன விஷயமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வயலோர வீடுகளில் தவளையும் சில்வண்டும் இரவு முழுக்க ஓயாது. அவை குரலை மறைக்காது, அதைவிட மேலே உள்ள தந்தி மீட்டலையும் ஹார்ப்பையும்தான் மறைக்கும். வயல் பக்க ஜன்னலை மட்டும் மூடினால் பாதி குறையும். மார்கழி விடியற்காலை கோயில் குழாய் ஸ்பீக்கருக்கு உரியது. தை அறுவடையில் அறுப்பு மெஷின் இரவிலும் ஓடும். அறுவடை ஓய்ந்து, ஈரம் வற்றி, ஃபேனும் அதிகம் தேவைப்படாத மாசி மாதத்து இரவு ஒன்பது மணிதான் எங்கள் தேர்வு. நடுராத்திரிக்குத்தான் நேரம் என்பவர்கள் வயர் உள்ள ஹெட்ஃபோன் எடுங்கள். பாஸ் தூக்கலான இயர்ஃபோனாக இருந்தால் ஈக்வலைசரில் 80 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் இறக்கினால் குரல் நிமிரும்.

டிஸ்க் பராமரிப்பு. வெளிநாட்டு உறவினர்களிடம் சொல்லி டிவிடி வாங்குவதானால் உறையின் பின்னால் ரீஜன் எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தியா 5, சிங்கப்பூர் மலேசியா 3, வளைகுடாவும் ஐரோப்பாவும் 2, கனடாவும் அமெரிக்காவும் 1. பூஜ்யம் அல்லது ‘ஆல்’ என்றிருந்தால் எதிலும் ஓடும். மழைக்காலத்தில் அட்டை உறை உப்பி, புத்தகத்தாள் ஒட்டிக்கொள்ளும். மூடி இறுக்கமான டப்பாவில் 50 கிராம் சிலிகா ஜெல்லோடு நிமிர்த்தி வையுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வெயிலில் காயவைத்தால் போதாது, இரும்பு வாணலியில் சிறு தீயில் நிறம் திரும்பும் வரை வறுக்க வேண்டும், அந்த வாணலி பிறகு சமையலுக்கு வேண்டாம். பாச்சை உருண்டை போடவே கூடாது, அதன் ஆவி பிளாஸ்டிக்கைத் தின்னும். டிஸ்க்கைத் துடைக்கப் பழைய மல் வேட்டித் துணி நல்லது, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு ஓடி, பிளேயர் அதைத் தாண்ட முடியாமல் நிற்கும். ஆம்ப்ளிஃபயரின் பின் ஓட்டைகளில் கொசுவலைத் துண்டு ஒட்டுங்கள், சூடான பெட்டி பல்லிக்கும் கரப்பானுக்கும் பிடித்த வீடு. இடி மின்னல் என்றால் பிளக்கோடு கேபிள் வயரையும் கழற்றிவிட வேண்டும்.

எப்படி இருந்தாலும் சிடியை ஒரு முறை ஃப்ளாக் கோப்பாக (ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் வகை) மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து சுமார் இரண்டரை மணி நேரம், ஒரு ஜிபிக்குள் அடங்கும். பிளேயர் செயலியில் ‘கேப்லெஸ்’ போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தடத்துக்குத் தடம் கைதட்டல் அறுந்து விழும். ‘க்ராஸ்ஃபேட்’ (ஒரு தடம் மங்கும்போதே அடுத்ததைக் கலப்பது) பூஜ்யத்தில் இருக்கட்டும், ஷஃபிள் வேண்டாம். ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்களுக்கு 320 கேபிபிஎஸ் தரத்தில் முழுக் கச்சேரிக்கு 360 எம்பி அளவு டேட்டா ஆகும். முன்னாலேயே இறக்கிவைத்தாலும் ஸ்பாட்டிஃபை போன்ற செயலிகள் 30 நாளுக்கு ஒரு முறை இணையத்தில் நுழையச் சொல்லும். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்டும் டவரும் இல்லை. அப்படிப்பட்ட நாட்களில் சொந்தக் கோப்பும் சார்ஜ் உள்ள பழைய போனும்தான் பாடும்.

லண்டன் பிடித்துப்போனவர்கள் அடுத்து வாங்க வேண்டியது ‘லைவ் இன் டப்ளின்’. 2013 செப்டம்பர் 12இல், 79 வயது நிறைய ஒன்பது நாள் இருக்கும்போது பாடியது, மூன்று சிடி. குரல் இன்னும் இறங்கியிருக்கிறது, அதனால் மேலே சொன்ன அறை முழக்கமும் ஹம்மும் இன்னும் கடுமையாகத் தெரியும். வயலினுக்கு அலெக்ஸாண்ட்ரு புப்லிச்சி வந்திருக்கிறார், சாக்ஸஃபோன் இல்லை, அது நல்ல மாற்றம். ஏற்பாட்டை லண்டனை வைத்துச் சரிசெய்துவிட்டு, பிறகு டப்ளினுக்குப் போங்கள்.